மரத்தைக் கட்டிப்பிடித்தால்தான் நிற்கும் சைக்கிள்

என் அன்புக்கும், அதைவிட அடிக்கடி என் கோபத்துக்கும் ஆளான பாக்கியம் அக்காவுக்கு,

முதலில் வெட்கக்கேடான ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கரங்கான் போகிற வழியில், பாலத்துக்குப் பக்கத்தில் என் கைலி நனைந்திருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ரோட்டோர லோங்கான் சாக்கடைத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். இருபத்தைந்து வருஷமாகக் கேட்டவர்களிடமெல்லாம் அதையேதான் சொல்லி வருகிறேன். அந்த மாதம் முழுக்க மழையே கிடையாது அக்கா. அந்த லோங்கானில் ஒரு தவளை உட்காரக்கூட ஈரம் இல்லை. மிச்சத்தை நீயே புரிந்துகொள்.

உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். நடையைப் பார்த்தே எவளுக்கு எத்தனையாவது மாதம் என்று சொல்கிறவள் நீ. உன் கண்ணிலிருந்தா அது தப்பியிருக்கும்? ஆனால் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் வாய்க்கு அது எவ்வளவு பெரிய விரதம் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

இன்னொன்றையும் கவனித்திருப்பாய். 'நீ' போட்டு எழுதுகிறேன். நீ இருந்தவரை 'வாங்க', 'போங்க', 'சொல்லுங்க' என்று வாய் நிறைய மரியாதை கொடுத்தேன். நாத்தனாருக்கு மரியாதை குறைந்தால் தம்பியிடம் போய் ஒன்றுக்கு ஒன்பதாகச் சொல்லிவிடுவாயே என்கிற பயம்தான். இனிமேல் சொல்ல முடியாதல்லவா, அந்தத் துணிச்சல். ஆனாலும் 'நீ' என்று எழுதும்போதெல்லாம் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. வடைதான் கல்லாகிவிட்டது. அதுவரை ஒப்புக்கு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவர்கள், வடையைக் கடித்த பிறகு உண்மையாகவே கண்ணீர் விட்டார்கள். உன் தம்பி மட்டும் ஒன்றும் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் சுங்கைப்பட்டாணி டவுனுக்குப் போனவர், ஒரு புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

"யாருக்கு?" என்றேன்.

"கஸ்தூரிக்கு. அக்கா சொல்லிக்கிட்டே இருந்துச்சுல்ல, புள்ளைக்கு ஒரு சைக்கிளு வாங்கிக் குடுடான்னு."

என் மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெல்லை அடித்து அடித்துப் பக்கத்து வீட்டுக் கோழிகளையெல்லாம் ரோட்டுக்குத் துரத்திவிட்டாள். "அம்மா, பின்னால பிடிச்சுக்குங்க, நான் கத்துக்கணும்" என்றாள். எனக்கும் கொஞ்சம் கெத்து வந்துவிட்டது. "உங்கம்மா ஜப்பான்காரன் காலத்துலயே சைக்கிளு ஓட்டுனவடி" என்றேன்.

"பொய்லா! பஸ் ஏறுனாலே கண்ண இறுக்கி மூடிக்குவீங்க. நீங்களாவது சைக்கிளாவது!"

பெற்ற மகள் என்னைப் பொய்க்காரி என்கிறாள். சாட்சி சொல்ல இருந்த ஒரே ஆள் நீ. நீயும் போய்விட்டாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் எங்கேயாவது கூட்டிக் குறைத்துச் சொன்னால் கனவில் வந்து திட்டு. அதுவும் உனக்குப் பிடித்த வேலைதானே.

அந்தக் கறுப்பு சைக்கிள்! அதன் உடம்பில் நூல் போலத் தங்கக் கோடு ஓடும். உன் வீட்டுக்காரர் அதைக் கூலிமில் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜப்பான்காரன் வந்துவிட்டான். அண்ணன் அதில் ஏறியதே இரண்டு தடவைதான். கூலிமிலிருந்து பாடாங் மேஹாவில் இருந்த நம் தோட்டத்துக்கு ஒரு தடவை, தோட்டத்திலிருந்து மாரியம்மன் கோயில்வரை ஒரு தடவை. பெல்லை யாரும் தொடக்கூடாது. "அடிச்சு அடிச்சுத் தேஞ்சுபோயிரும்" என்பார்.

வந்த ஜப்பான்காரனோ சைக்கிளிலேயே வந்தான். வழியில் கண்ணில் பட்ட சைக்கிளையெல்லாம் பிடுங்கிக்கொண்டே வந்தான். அண்ணன் தன் சைக்கிளைச் சாக்கில் சுற்றிப் புகைவீட்டுப் பரணில் படுக்க வைத்துவிட்டார். ரப்பர் ஷீட் உலர்த்துகிற அந்தக் கட்டடத்தில் அப்போது புகையும் இல்லை, ஷீட்டும் இல்லை. பால்வெட்டு நின்றுபோய் எல்லோரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். பிறகு சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் பிடித்தார்கள். மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். லாரியில் ஏறும்போது அண்ணன் உன்னிடம், "உடம்பப் பாத்துக்க" என்றா சொன்னார்? "சைக்கிளுக்கு எண்ண போட்டு வை" என்றுதான் சொன்னார். அந்த மனிதருக்கு அதைவிடப் பிரியமாகப் பேசத் தெரியாது. உனக்கு அது தெரியும், எனக்குத்தான் அப்போது சிரிப்பு வந்தது.

ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு ஊரே அலைந்த காலம். உன் தலைமுடி சணல் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அந்த செயின் மட்டும் பளபளவென்று இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் விடிந்ததும் புகைவீட்டுக்குப் போவாய். வாசலில் காவலுக்கு நான். நீ சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, எண்ணெய் விட்டு, பெடலைக் கையால் சுற்றுவாய். சக்கரம் டிக்டிக்கென்று ஓடுகிற சத்தம் கேட்டதும் நான் பாதையை எட்டி எட்டிப் பார்ப்பேன். கங்காணி காதில் விழுமோ, கிராணி காதில் விழுமோ, எவனாவது போய்ச் சொல்லிக் கொடுத்தால் சைக்கிளோடு நம்மையும் கொண்டுபோவார்களோ! உனக்கு அந்தக் கவலையே கிடையாது. பெல்லை ஒரு கையால் பொத்திக்கொண்டு மறுகையால் ஒரே ஒரு தடவை அடித்துப் பார்ப்பாய். 'டுப்' என்று ஒரு சத்தம் வரும். அதற்கே உன் முகம் மலர்ந்துவிடும்.

ஒருநாள் எண்ணெய் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். "சைக்கிளு ஓடாமயே கெடந்தா துருப்புடிச்சிரும்டி" என்றாய்.

"அதுக்கு?"

"அதுக்கு என்ன அதுக்கு? யாராச்சும் ஓட்டணும்."

துருவா அக்கா அது? உனக்கு ஆசை, எனக்கும் ஆசை. அதை நேராகச் சொல்ல நம் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வெளியே எடுப்பதற்கு முன் நாம் செய்த அலங்காரம் இருக்கிறதே! அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்துத் தங்கக் கோடு தெரியாமல் சைக்கிள் முழுக்கப் பூசினோம். சீட்டில் கிழிந்த சாக்கைக் கட்டினோம். சிப்பாய் கண்ணில் படாமல் இருக்க நம் முகத்தில் ஏற்கெனவே கரி பூசித்தான் இருந்தோம், முடியையும் ஒட்ட வெட்டியிருந்தோம். ஆக, அந்தக் காலத்தில் அசிங்கமாக இருக்கப் பாடுபட்டவர்கள் மூன்று பேர்: நீ, நான், சைக்கிள். எனக்கு அதிகப் பூச்சுத் தேவைப்படவில்லை என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

கற்றுக்கொண்டது பழைய நிரையில், பால்மரங்களுக்கு நடுவில். ஆண்பிள்ளை சைக்கிள். எனக்குக் கால் தரைக்கு எட்டாது. பால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் நின்று ஏறினேன். ஏறுவதற்கு வாளி இருந்தது, இறங்குவதற்கு? பிரேக்கைப் பிடித்தால் சைக்கிள் நிற்கும், நின்ற மறுநொடி சாயும். இரண்டு தடவை விழுந்து முட்டி கிழிந்த பிறகு நீதான் வழி சொன்னாய்.

"மரத்தக் கட்டிப் புடிச்சுக்கடி!"

அருமையான வழி. தோட்டத்து மரங்கள்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கின்றனவே. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே கையை நீட்டினால் ஒரு மரம் இருக்கும். அப்படியே தழுவிக்கொண்டு, சைக்கிளை இடுப்பில் தாங்கி, வழுக்கிக் கீழே இறங்க வேண்டியது. ஓட்டிய தூரத்தைக்கூட மரக் கணக்கில்தான் சொன்னோம். முதல் நாள் நான் ஒரு மரம், நீ அரை மரம். ஒரு வாரத்தில் நான் பத்து மரம். நீ மூன்று மரத்தைத் தாண்டவே இல்லை, நான்காவது மரத்தடியில் நீ விழுந்து கிடப்பாய். "இந்த மரம் நகந்து வருதுடி" என்று மரத்தைத் திட்டுவாய்.

பிறகு ஒருநாள் ஒரு நிரை முழுக்கப் போனேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வார்த்தை கிடைக்கவில்லை. இலை உதிர்கிற மாதம். சக்கரத்துக்கு அடியில் காய்ந்த இலைகள் நொறுங்குகின்றன, மரங்கள் இரண்டு பக்கமும் ஓடுகின்றன, காற்று கரி பூசிய முகத்தில் அடிக்கிறது. காலையில் தின்ற அரை மரவள்ளிக்கிழங்கு வயிற்றில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பசி இல்லை, ஜப்பான்காரன் இல்லை, நாத்தனார்கூட இல்லை. சிரித்தேன் அக்கா. சத்தம் போட்டுச் சிரித்தேன். அப்போது பார்த்து எங்கேயோ ஒரு ரப்பர் காய் 'டப்' என்று வெடித்தது. துப்பாக்கி என்று நினைத்து எதிரில் இருந்த மரத்தைக் கட்டிக்கொண்டவள்தான். நீ வந்து கையைப் பிரிக்கும்வரை விடவில்லை.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு மூன்று வாரம்.

உன் தம்பியையும் இன்னும் பத்துப் பேரையும் அப்போது கரங்கானுக்கு அனுப்பியிருந்தார்கள். காட்டை வெட்டி மரவள்ளி போடுகிற வேலை. அங்கேயே கொங்சி என்று ஒரு கொட்டகை கட்டிப் படுத்துக்கொள்வார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒருநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் கிராணியின் பெண்சாதி வந்தாள். புருஷன் ஆபீசில் என்ன எழுதுகிறான் என்பதை ஊருக்குச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சரசு, நான் சொன்னேன்னு சொல்லிராத. கரங்கான் கொங்சிக்கு இன்னிக்கு மத்தியானம் லாரி போவுதாம். அங்க இருக்கிற ஆளுங்கள அப்படியே ஏத்திக்கிட்டு சயாமுக்கு. எங்க வீட்டுக்காரரு கையாலதான் பேரு எழுதிக் குடுத்தாரு. அழுதுக்கிட்டேதான் எழுதுனாரு, பாவம்."

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு உன்னிடம் ஓடி வந்தேன். நடந்தால் கரங்கான் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும். ஆண்பிள்ளை யாரையும் அனுப்ப முடியாது, ரோட்டில் வேட்டி தெரிந்தால் அவனையும் ஏற்றிக்கொள்வார்கள். நான் உன் காலடியில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தேன். நீ மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாய். கத்தியைக் கீழே வைத்தாய்.

"எந்திரி. அழுகறதுக்கு அப்புறமா நேரம் கெடக்கு."

"எங்கக்கா?"

"சைக்கிளு எடுக்கத்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அண்ணனோட சைக்கிளுக்கா. ரோட்டுல பாத்தான்னா புடுங்கிக்குவான்."

"புடுங்கட்டும். ஒருத்தர அனுப்பிட்டு எண்ண போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். இவனையும் அனுப்பிட்டு அதுக்கு எதுக்குடி எண்ண?"

புகைவீட்டுக்கு ஓடிப் பரணிலிருந்து சைக்கிளை இறக்கினோம். சைக்கிளை என்னை நம்பித் தனியாக விட முடியாது என்று பின்னால் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டாய். என்னை நம்பவில்லையா, தனியாக அனுப்ப மனசு வரவில்லையா? கடைசிவரை நீ சொல்லவே இல்லை.

தோட்டத்துச் செம்மண் பாதைவரை ஒன்றும் தெரியவில்லை. பெரிய ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் என் முதுகில் வியர்வை ஐஸ் மாதிரி வழிந்தது.

"அக்கா... மரம் இல்லக்கா."

"எந்த மரம்?"

"நிறுத்துறதுக்கு மரம்!"

இரண்டு பக்கமும் புல்லும் லோங்கானும்தான். மரமெல்லாம் அந்தப் பக்கம் எட்டாத தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது. என் இடுப்பைப் பிடித்திருந்த உன் கை இறுகியது.

"அப்ப நிறுத்தாத. கரங்கான் வரைக்கும் நிறுத்தாமயே போ."

"பாலத்துக்கிட்ட காவல்காரன் இருப்பானே. இறங்கிக் குனியணுமே!"

"அய்யோ" என்றாய். உன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் 'அய்யோ' அதுதான். எனக்கு உயிரே போய்விட்டது.

காவல் கொட்டகைக்கு முன்னால் இறங்க வேண்டும், இடுப்புவரை குனிய வேண்டும். போன மாதம் கூடையோடு போன ஒரு மீன்காரர் குனிய மறந்துவிட்டார். அவரை உச்சி வெயிலில் முட்டி போட வைத்து, கல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். கை தாழும்போதெல்லாம் அடி. அப்புறம் அவருக்கு ஒரு காது கேட்கவே இல்லை. மீன் விற்கிறவருக்கே அப்படி என்றால், நிற்காமலே போகிற கரி மூஞ்சிகளுக்கு? பெடல் மிதிக்கிற ஒவ்வொரு சுற்றுக்கும் அதையே நினைத்தேன். வழியெல்லாம் பின்னால் லாரிச் சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவேன், அதனால் உன்னைக் கேட்டுக்கொண்டே போனேன்.

"வருதாக்கா?"

"வரல. மிதி."

"இப்ப?"

"வரலடி. என்னையும் சேத்துப் பயமுறுத்தாத."

கடைசியில் நீ திட்டம் போட்டாய். கொட்டகைக்கு முன்னாலேயே நீ குதித்துக் கேரியரைப் பிடித்து நிறுத்த வேண்டியது, நான் உன் தோளைப் பிடித்து இறங்க வேண்டியது, இரண்டு பேரும் குனிய வேண்டியது. நல்ல திட்டம்தான். பாலத்துக்கு முன்னால் ரோடு இறக்கம் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியாது.

நீ குதித்தாய். குதித்த வேகத்தில் குப்புற விழுந்தாய். பின்பாரம் போன சைக்கிள் அம்பு மாதிரி கிளம்பியது. பிரேக் பிடித்தால் அவன் காலடியிலேயே விழுவேன் என்ற பயத்தில் என் விரல்கள் விறைத்துவிட்டன. தகரக் கொட்டகை வருகிறது. துப்பாக்கி வருகிறது. அதைப் பிடித்திருக்கிற ஆளும் வருகிறான். என்ன செய்வேன்? ஓட்டிக்கொண்டே குனிந்தேன்! தலையை ஹேண்டில்பார்வரை தாழ்த்தி, ஜப்பான் சக்கரவர்த்தி பார்த்தால்கூடக் குறை சொல்ல முடியாதபடி குனிந்து, அந்தக் காவல்காரனைத் தாண்டிப் போனேன். குனிந்ததால் வழி தெரியவில்லை. பாலம் தாண்டியதும் ரோட்டோரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதில் போய் மோதினேன். மோதிய மறுநொடி, பழக்கதோஷம், இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"கூரா!" என்று பின்னால் ஜப்பான் பாஷையில் ஓர் அதட்டல்.

பூட்ஸ் சத்தம் என்னை நோக்கி வந்தது. அந்த மரத்தின் பட்டையில் ஓர் எறும்பு வரிசை போனது. ஒரு எறும்பைத் தேர்ந்தெடுத்து அதையே பார்த்தேன், அது மேலே போய்ச் சேருவதற்குள் குத்திவிடுவான் என்று. லோங்கான் தண்ணீர் தெறித்தது அப்போதுதான்.

சட்டையைப் பிடித்துத் திருப்பி ஓர் அறை விட்டான். காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ரீங்காரம். அவன் உள்ளங்கை முழுக்கக் கரி. கையைப் பார்த்தான், பிறகு கரி போன இடத்தில் என் கன்னத்தைப் பார்த்தான். பொம்பளை என்று புரிந்துவிட்டது. அந்தப் பார்வையில் என் உடம்பில் ஓடுகிற ரத்தமெல்லாம் நின்றது. பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து நீ வந்துகொண்டிருந்தாய். மூன்று அடி ஓடுவாய், நின்று குனிவாய். மறுபடி மூன்று அடி, மறுபடி குனிவாய். முட்டியில் ரத்தம், வாயில் தெரிந்த சாமி பேரெல்லாம். வந்து எனக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டு அங்கேயும் குனிந்தாய். நிமிரவே இல்லை.

எத்தனை நேரமோ. அவன் நம்மை விட்டுவிட்டுக் கீழே பார்த்தான். மரத்தில் உரசிய இடத்தில் கரி போய், சைக்கிளின் கறுப்பும் தங்கக் கோடும் வெயிலில் மின்னின. உட்கார்ந்து விரலால் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கக் கோடு நீண்டது. நம்மைப் பார்த்து ஏதோ கேட்டான். நமக்கு என்ன புரியும்? நீ "ஆமாங்க, புதுசுங்க" என்று தமிழில் சொன்னாய்.

துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டான். அவனுக்கும் கால் எட்டவில்லை அக்கா, கவனித்தாயா? இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி மிதித்தான். பத்தொன்பது வயசு இருந்தால் அதிகம். பாலத்தில் ஒரு சுற்று, ரோட்டில் ஒரு சுற்று. திடீரென்று சிரித்தான். நிரையில் நான் சிரித்தேனே, அதே மாதிரி. பெல்லை அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான்.

நாம் குனிந்தபடியே பின்னுக்கு நடந்தோம். ரோடு வளைகிறவரை முகத்தைத் திருப்பத் துணிச்சல் வரவில்லை. வளைவு தாண்டியதும் நான் உன் கையைப் பிடித்தேன். நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன். பெல் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. நீ நின்று கேட்டாய்.

"மணி நல்லாத்தான் அடிக்குது" என்றாய். பிறகு ஓட ஆரம்பித்தாய்.

உச்சி வெயிலுக்குள் கொங்சிக்குப் போய்விட்டோம். இரண்டு கறுத்த மூஞ்சிகள் மூச்சிரைக்க ஓடி வருவதைப் பார்த்து உன் தம்பி மண்வெட்டியை ஓங்கிவிட்டார். கட்டிய பெண்டாட்டியையும் கூடப் பிறந்த அக்காவையும் அடையாளம் தெரியவில்லை. நீ ஓங்கிய கையைப் பிடித்து, "ஓடுடா! லாரி வருது, சயாமுக்கு!" என்றாய்.

"எப்படிக்கா வந்தீங்க? நடந்தா?"

"சைக்கிளுல."

"சைக்கிளு எங்க?"

"உனக்கு அதுவாடா இப்ப முக்கியம்? ஓடு!"

அவரும் மற்றவர்களும் சதுப்புக் காட்டுக்குள் போய்விட்டார்கள். கொங்சியில் காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் வர முடியாமல் தங்கிவிட்டார். நாம் பாலத்துப் பக்கமே வராமல் தோட்டத்துக்குத் தோட்டம் புகுந்து வீடு வந்து சேர்ந்தோம். மூன்று நாள் கழித்து உன் தம்பி திரும்பினார், உடம்பெல்லாம் அட்டைக் கடியோடு. அதற்குப் பிறகு ஆள் பிடிக்கிறவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து வந்தவர்களிடம் அண்ணனைப் பற்றிக் கேட்டோம். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காய்ச்சல் என்றார் ஒருவர், பாலம் சரிந்தது என்றார் இன்னொருவர். நீ யாரிடமும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. எண்ணெய்க் குப்பியை மட்டும் கடைசிவரை வைத்திருந்தாய். உன் பெட்டியைத் திறந்தபோது பார்த்தேன். அடியில் இரண்டு சொட்டு இருந்தது.

அதற்குப் பிறகு நீ என்னைப் படுத்திய பாடு! குழம்பில் உப்புக் கூடினால் போதும், என் கழுத்தைக் காட்டி ஆரம்பிப்பாய். "இந்தத் தாலி இருக்கே, இது என் சைக்கிளுடி. சைக்கிளக் குடுத்து என் தம்பிய வாங்கியிருக்கேன்." கஸ்தூரி பிறந்தபோது கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுவும் என் சைக்கிளுதான்" என்றாய். ஊரில் ஒரு கல்யாணம் பாக்கியில்லை, ஒரு காதுகுத்து பாக்கியில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பதில் சொல்ல வாய் ஏது? உண்மைதானே என்று இருந்துவிடுவேன்.

இப்போது பதில் கிடைத்திருக்கிறது. கிடைத்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

புது சைக்கிளை வாசலில் நிறுத்திய அன்று உன் தம்பி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் ஒன்று சொன்னார். சதுப்புக் காட்டிலிருந்து திரும்பிய அன்றைக்கே அந்தக் காய்ச்சல்காரப் பெரியவர் அவரிடம் சொன்னதாம். இத்தனை வருஷம் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாராம். "அக்காகிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"மாமாவும் வரல, சைக்கிளும் போச்சு. இதயும் எந்த வாயாலடி அதுகிட்டச் சொல்றது?" என்றார்.

உன்னிடம் இப்போது நான் சொல்லலாமா? சொல்லாமல் விட்டால் நீ நிம்மதியாக இருப்பாயா? நீ போன இடத்தில் அண்ணனே சொல்லியிருப்பாரோ?

முதலில் வாக்கைக் கொடுத்துவிடுகிறேன். கஸ்தூரிக்கு நான்தான் சைக்கிள் கற்றுக்கொடுப்பேன். ஏறுவது தானாக வரும், முதல் நாளே இறங்கக் கற்றுக்கொடுப்பேன். வாரத்துக்கு ஒரு தடவை விடிந்ததும் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடுவேன், முதல் தடவை உன் குப்பியில் இருக்கிற அந்த இரண்டு சொட்டையே போடுவேன். பெல்லை அவள் எத்தனை தடவை அடித்தாலும், தேய்ந்துபோகும் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். யாராவது என் கழுத்தைப் பார்த்துத் தாலியைப் பற்றிக் கேட்டால், நீ சொன்னதையேதான் நானும் சொல்வேன்.

சொல்லிவிடுகிறேன் அக்கா, கோபப்படாதே. அன்றைக்குக் கரங்கானுக்கு லாரி வரவே இல்லை. சுற்றிலும் அத்தனை ரப்பர் மரங்களை வைத்துக்கொண்டு, லாரிக்கு டயர் இல்லையாம்.

இன்றும் உன் சைக்கிளைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கும்,
உன் தம்பி பெண்டாட்டி
சரசு